போஸ்டரில் அலறுகிற பெண்

பேய்ப் படங்களுக்கு போஸ்டர் வரைகிறவர் என்றால் ஆளே ஒரு தினுசாக இருப்பார் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். முன்வழுக்கை, காதில் செருகிய பென்சில், கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக்கொள்கிற வீரம், இவ்வளவுதான் அவர். தொழில் வட்டாரத்தில் அவருக்குப் பேய்க்காரர் என்று பெயர். காதல் படத்துக்கு ஒருவர், சண்டைப் படத்துக்கு ஒருவர் என்று ஓவியர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் இருட்டு, பங்களா, மாடியில் ஒரே ஒரு ஜன்னலில் வெளிச்சம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "பேய்க்காரர்கிட்ட போங்க" என்று கைகாட்டிவிடுவார்கள்.

படம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. பாதி நேரம் படத்தை எடுக்கிறவருக்கே தெரியாது. தலைப்பும் இரண்டு மங்கலான புகைப்படங்களும் வரும். மிச்சத்தைப் பேய்க்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். போஸ்டரில் இருக்கும் வௌவால் படத்தில் இருக்காது, படத்தில் இருக்கும் நகைச்சுவை நடிகர் போஸ்டரில் இருக்கமாட்டார். டிக்கெட் வாங்கினவர்கள் திட்டிக்கொண்டே வெளியே வருவார்கள், அடுத்த போஸ்டரைப் பார்த்ததும் மறுபடி உள்ளே போவார்கள்.

அச்சகத்துக்கு மேலே இருந்த ஓர் அறைதான் வேலை செய்யும் இடம். கீழே இயந்திரம் ஓடினால் மேலே தூரிகை நடுங்கும். அங்கே இன்னொருவரும் இருந்தார். தலைப்பு எழுத்துகளை வரைவது அவர் வேலை. எழுத்தின் அடியிலிருந்து ரத்தம் வடிகிற மாதிரி எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பதால் அவர் சொட்டு அண்ணன். "ஜாஸ்தி சொட்டினா தலைப்பைப் படிக்க முடியாது, கம்மியா சொட்டினா தக்காளிச் சாறு மாதிரி இருக்கும்" என்பார். வாழ்க்கையில் அவர் கண்டுபிடித்த தத்துவம் அது ஒன்றுதான், ஆனால் அதை வைத்தே பிழைத்துவிட்டார்.

பேய்க்காரருக்கும் சில விதிகள் இருந்தன. முகத்துக்குப் பச்சை, நிழலுக்கு ஊதா, தலைப்புக்கு மஞ்சள்; சிவப்பு என்றால் ரத்தத்துக்கு மட்டும். பெரிய போஸ்டர் இரண்டு தாளாக அச்சாகிச் சுவரில் ஒன்றாகச் சேரும். அந்த ஒட்டு கண்ணுக்குக் குறுக்கே வரவே கூடாது. அலறுகிற பெண் இல்லாமல் போஸ்டர் கிடையாது. அவள் பேயைப் பார்த்துத்தான் அலற வேண்டும், நம்மைப் பார்த்து அல்ல. இந்தக் கடைசி விதியில் அவர் ரொம்பக் கறார். "அவ நம்மளப் பாத்துட்டா நமக்கு வேலை வந்துடும்ணே. ஓடிப்போய்க் காப்பாத்தணும். டிக்கெட் வாங்கறவன் காப்பாத்தவா வர்றான்? வேடிக்கை பாக்க வர்றான்" என்று சொட்டு அண்ணனிடம் விளக்குவார்.

அந்த அலறலுக்கெல்லாம் மாதிரி அவருடைய மனைவிதான். மாலையில் வீட்டு மேசையில் பலகையைப் பரப்பிக்கொண்டு, "ஏம்மா, கொஞ்சம் அலறிட்டுப் போ" என்று குரல் கொடுப்பார். அவள் ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்து, கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, சத்தமே இல்லாமல் அலறியபடி நிற்பாள். "சீக்கிரம் வரைங்க, அடுப்புல பால் இருக்கு" என்று பிளந்த வாயாலேயே சொல்வாள். ஆறு வயது மகள் வாலு (பெயர் வேறு, ஆனால் அந்தப் பெயரைப் பள்ளிக்கூடம் மட்டும்தான் உபயோகித்தது) மேசைக்கு அடியிலிருந்து பேயாக வந்து அம்மாவின் காலைப் பிடிப்பாள். அப்புறம் அலறல் எங்கே நிற்கும், மூன்று பேரும் சிரிக்கிற சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிடும்.

அந்தச் சிரிப்பு நின்றுபோனது ஒரு ட்யூப் மூடியால். வண்ணத்தைப் பிழிந்துவிட்டு அவர் மேசை ஓரத்தில் வைத்த மூடி. வாலுவுக்கு எது கிடைத்தாலும் வாயில் போட்டுக் கடிக்கிற பழக்கம். ஓடிக்கொண்டே சிரித்தாள், மூடி தொண்டைக்குள் போய் மூச்சுக்குழாயில் உட்கார்ந்துகொண்டது. குழந்தையின் உதடு நீலமாவதைப் பார்த்தபோது அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மனைவிதான் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். அவர் செருப்பில்லாமல் பின்னால் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. பச்சைச் சுவர் வைத்த நீளமான நடைவழியில் இவர்கள் இருவரும் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஒருவர் பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டி, "மூச்சு நின்னுடுச்சு. முயற்சி பண்ணிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மனைவி திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அப்படியே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று இருவருக்கும் தெரியாது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. தொண்டைக்குள் குழாய் விட்டு மூடியை எடுத்துவிட்டார்கள், மூச்சு திரும்பிவிட்டது. நெஞ்சில் மட்டும் சளி கட்டியிருந்தது. மருந்து கொடுத்துப் பார்ப்போம், கரையாவிட்டால் மறுபடி குழாய் விட வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி அதற்குப் பிறகு குழந்தையின் மார்பில் கை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். மூடியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டுவாள், ஒரு பாட்டம் அழுது தீர்ப்பாள், அப்புறம் எல்லாம் சரியாகும் என்று அவர் காத்திருந்தார். அவளோ வீட்டில் இருந்த ட்யூப்களையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு, இறுக்கி மூடி, பரண் மேல் வைத்தாள். அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் விநியோகஸ்தர் வந்தார். சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருப்பவர், ஒன்றாலும் எழுதினதை யாரும் பார்த்ததில்லை. ஒரு பேய்ப் படத்தை வாங்கிவிட்டு அதை எப்படித் தள்ளிவிடுவது என்று தவித்துக்கொண்டிருந்தார். "படம் சுமார்தான் ஓவியரே. போஸ்டர்தான் என்னைக் காப்பாத்தணும்" என்றார்.

முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ அலறுறாளா, கொட்டாவி விடுறாளா?" என்று கேட்டார். இரண்டாவதைப் பார்த்துவிட்டு, "பல் டாக்டர்கிட்ட வாயைக் காட்டுற மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. இரண்டும் உயிரில்லாமல்தான் இருந்தன. மாதிரி இல்லாமல் பேய்க்காரருக்கு வராது. அந்த வீட்டில், அந்த முகத்திடம் போய், கொஞ்சம் அலறிட்டுப் போ என்று எப்படிக் கேட்பது? கண்ணாடி முன்னால் தானே அலறிப் பார்த்தார். சொட்டு அண்ணனை அலறச் சொன்னார். அண்ணன் பாவம், மனமுவந்து அலறினார். ஆனால் மீசையோடு அலறுகிற அந்த முகத்தைப் பார்த்தால் பேய்க்கே சிரிப்பு வந்துவிடும். "இன்னொரு தடவை பாருங்க ஓவியரே. இல்லேன்னா சண்டைப் படம் வரையறவர்கிட்ட குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு விநியோகஸ்தர் போய்விட்டார்.

அன்று மதியம் சொட்டு அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். பேய்க்காரர் புதுப் பலகையை எடுத்து வைத்தார். பென்சிலால் கோடு போடவில்லை. நேராகத் தூரிகையைப் பச்சையில் தோய்த்து, தாடைக்கு அடியில் ஆரம்பித்தார். அங்கேதான் அந்த ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை விழுந்திருந்தது. பிறகு உச்சியில் இருந்த ட்யூப்லைட்டின் வெளுப்பை நெற்றியில் வைத்தார். கண்குழிகளில் ஊதா. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போன கீழுதடு, அதன் ஓரத்தில் காய்ந்திருந்த எச்சில், புருவத்துக்கு நடுவில் அதுவரை அவர் பார்த்தேயிராத ஒரு மடிப்பு. எதையும் யோசிக்கவே தேவைப்படவில்லை. அந்த நடையில் நின்றபோது தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது சத்தியம். ஆனால் கண் மட்டும் அதன் பாட்டுக்கு வேலை பார்த்து எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தது.

கை தானாக வரைந்துவிட்டது, எனக்கே தெரியாது என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அது சப்பைக்கட்டு. தெரிந்துதான் வரைந்தார். நெற்றி முடிந்தபோதே அது யார் என்று தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் தூரிகையிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. வேலை இவ்வளவு அழகாக ஓடும்போது அதை நிறுத்துகிற மனசு எந்த ஓவியனுக்கு இருக்கிறது? வெட்கக்கேடு என்னவென்றால், வரைகிற அந்த நேரம் முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார்.

சொட்டு அண்ணன் கையில் டீயோடு உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். டீ ஆறுகிற வரைக்கும் நின்றார்.

"தங்கச்சிதானே இது?"

பேய்க்காரர் தூரிகையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

"நம்மளப் பாக்குதே. உன் விதி என்ன ஆச்சு?"

"அன்னைக்கு அப்படித்தான் பாத்தாண்ணே."

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் இருவரும் சேர்ந்து அந்த முகத்தை மறைக்கப் பார்த்தார்கள். முடியைச் சுருட்டையாக்கினார்கள், மூக்கைக் கூராக்கினார்கள், தோடு மாட்டினார்கள், கழுத்துவரை மூடின கவுன் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. அந்தக் கண் இருக்கிறவரை அவள் அவள்தான். "ரொம்ப யோசிக்காத தம்பி. ரெண்டு கண்ணுலயும் கருவிழியை ஒரே பக்கமா ஓரத்துக்குத் தள்ளிவிடு. மூலையில ஒரு பேயைப் போடு. யாரோ ஒரு பொம்பளை ஆயிடும். தங்கச்சி முகமும் தப்பிச்சுடும், உன் தலையும் தப்பிச்சுடும்" என்றார் அண்ணன்.

அது சரியான வழி. இரண்டு பொட்டு அளவு வேலை. பேய்க்காரர் சின்னத் தூரிகையைக் கறுப்பில் தோய்த்துக் கண்ணருகே கொண்டுபோனார். அங்கேயே வைத்திருந்தார். கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தது, தூரிகை நடுங்கியது.

"என்ன தம்பி?"

"காயட்டும்ணே. காஞ்சதும் பண்றேன்."

அது எப்போதோ காய்ந்திருந்தது. சொட்டு அண்ணனுக்கும் அது தெரியும். "அப்படின்னா வீட்டுல சொல்லிடு. சுவர்ல பாத்துத் தெரிஞ்சுக்கற மாதிரி வச்சுக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் எழுத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று அவர் எழுதின எழுத்துகளில் ஒரு சொட்டுகூட இல்லை.

விநியோகஸ்தர் வந்து பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார். "பேய் எங்க?" என்று கேட்டார், அப்புறம் அவரே, "வேணாம், வேணாம், பேயே வேணாம். கை வைக்காதீங்க" என்று பலகையைக் கையோடு தூக்கிக்கொண்டு கீழே அச்சகத்துக்கு இறங்கிவிட்டார். மஞ்சள் ஒரு தடவை, சிவப்பு ஒரு தடவை, நீலம் ஒரு தடவை, கறுப்பு ஒரு தடவை என்று அவர் மனைவியின் முகம் கட்டுக்கட்டாக அச்சாகி வெளியே வந்தது.

வீட்டில் சொல்லிவிடலாம் என்று அவர் நினைக்காமல் இல்லை. சொல்வதற்காக வாயைத் திறப்பார், தண்ணீர் கேட்பார். மறுபடி வாயைத் திறப்பார், மறுபடி தண்ணீர் கேட்பார். "உப்பு ஜாஸ்தியா?" என்று அவள் கேட்டாள். "சரியா இருக்கு" என்றார்.

சுவர்களில் போஸ்டர் ஏறிய நாளிலிருந்து மனிதர் தலைகீழாக மாறிவிட்டார். காய்கறி வாங்க நான் போறேன், மருந்து வாங்க நான் போறேன், வாலுவைப் பள்ளிக்கூடத்தில் விட நான் போறேன். பை எடுத்தாலே பிடுங்கிக்கொள்வார். எந்தத் தெருவில் ஒட்டியிருக்கிறது, எதில் இல்லை என்று ஒட்டுகிற ஆட்களிடம் விசாரித்து வைத்துக்கொண்டு, குழந்தையை ஊரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். மனைவி வாசலைத் தாண்ட வேலையே இல்லாமல் பண்ணினார். அவளுக்கு இதெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மூடியையே நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"விடுங்க. வேணும்னா வச்சீங்க? யார் வீட்டுலதான் இப்படி ஒண்ணு நடக்கல. நீங்க இப்படி உங்களையே தண்டிச்சுக்கிட்டு அலையறதப் பாக்க எனக்குக் கஷ்டமா இருக்கு."

அந்த இடத்தில் சொல்லியிருந்தால் கதை வேறு. அவர் சொல்லவில்லை. அவள் மன்னிப்பை வாங்கி, அது தனக்கு உரியதுதான் என்பது மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். அவர் செய்ததில் இதுதான் கேவலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒட்டுகிறவர்கள் ஒரே சுவரில் நிற்கிறவர்களா என்ன? புதிதாக எழுந்த ஒரு மதிற்சுவரைப் பார்த்ததும் அவர்களுக்குக் கை துறுதுறுத்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு, அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பத்திரமான தெருவில் வாலுவோடு திரும்பினபோது, வீடு உயரத்துக்கு அது நின்றது. கீழ்த்தாளைக் கொஞ்சம் இறக்கி ஒட்டியிருந்ததால் வாய் இன்னும் நீளமாகத் தெரிந்தது.

"அம்மா" என்றாள் வாலு.

"அம்மா இல்லடா கண்ணு. அது யாரோ சினிமா ஆன்ட்டி."

"அம்மாதான். எதுக்குப்பா இவ்ளோ பயப்படறாங்க?"

"படத்துல பேய் வருதில்ல, அதான்."

குழந்தை போஸ்டரை மேலிருந்து கீழ்வரை தேடியது. "பேயே இல்லையே. நம்மளத்தான் பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அந்தச் சுவரைத் தாண்ட அதற்குக் கால் வரவில்லை. அவர் தூக்கிக்கொண்டு, முகத்தைத் தன் தோளில் புதைத்துக்கொள்ளச் சொல்லி, வேகமாக நடந்தார்.

வாசலில் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே வாலு சொல்லிவிட்டாள். "அம்மா, உன்னைப் பெரிசா சுவர்ல ஒட்டியிருக்காங்க. நீ பயப்படற."

மனைவி சிரித்தாள். "உங்கப்பா என்னைத்தானே எப்பவும் வரைவாரு. நான்தான் இந்த ஊரோட ஆஸ்தான அலறல்காரி" என்றாள். துணியை மடித்துக்கொண்டே சொன்னவள், பாதியில் நிறுத்தினாள். "நான் இப்ப எதுக்கும் நின்னு குடுக்கலையே?" என்று கணவனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டாள். எந்தத் தெரு என்று கேட்டாள். அவர் சொன்னார்.

சுவர் முன்னால் மூன்று நாலு பையன்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் போஸ்டரைப் பார்த்து வாயைக் கோணி, கீழுதட்டை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் வந்து நிற்கிற பெண்ணை அவர்களில் யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் போன பிறகும் அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பேய்க்காரர் ஓரடி தள்ளி நின்றார். அவள் அழுவாள், இல்லையென்றால் கத்துவாள் என்று நினைத்தார். அவள் சாதாரணமாகத்தான் பேசினாள்.

"டாக்டர் சொல்லிட்டு உள்ள போனதும் நான் உங்களைத் திரும்பிப் பாத்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எதுக்குப் பாத்தேன்னு தெரியுமா? கையைப் பிடிப்பீங்கன்னு. ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு பொய்யாவது சொல்லுவீங்கன்னு. நீங்க அசையாம நின்னீங்க. பாவம், மனுஷன் இடிஞ்சு போயிட்டாருன்னு நினைச்சேன். உங்களுக்கும் சேத்து நான்தான் அழுதேன்." அவள் போஸ்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க இடிஞ்சு போகல. பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

"இடிஞ்சுதான் போயிருந்தேன். சத்தியமா."

"அப்போ இந்த உதடு எப்படித் தெரிஞ்சுது? இந்த எச்சில் எப்படித் தெரிஞ்சுது? எனக்கே தெரியாதே."

இடிந்துபோயிருந்ததும் நிஜம், பார்த்துக்கொண்டிருந்ததும் நிஜம். ஒரே ஆளுக்குள் இரண்டும் எப்படி இருந்தன என்று அவருக்கே விளங்கவில்லை, அவளுக்கு எப்படி விளக்குவார்? அதனால் ஆண்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். ஏதாவது ஒரு காரியத்தில் இறங்குவது. சுவரில் ஏறாத குறையாகப் பாய்ந்து போஸ்டரின் ஓரத்தை நகத்தால் பிய்த்தார். பசை நல்ல பசை. கவுனின் ஒரு மூலை மட்டும் கையோடு வந்தது. எதிர்க்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "யோவ், எவன்யா அது, காசு குடுத்து ஒட்டியிருக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

"விடுங்க. ஊரே பாத்தாச்சு" என்றாள் அவள். "மூடியைப் பத்தி நான் ஒரு வார்த்தை கேட்டேனா? அது கை தவறினது. இது அப்படி இல்லைங்க." அவள் திரும்பி நடந்தாள். அவர் கையில் கிழிந்த காகிதத்தோடு பின்னால் போனார்.

வீட்டில் அப்புறம் சண்டையே இல்லை. சண்டை வந்தால் தேவலை என்று அவர் ஏங்கினார். அவள் சாப்பாடு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், பால் வாங்கணும், வாடகை குடுக்கணும் என்று பேச வேண்டியதைப் பேசினாள். முகத்தை மட்டும் காட்டவில்லை. அவரிடம் பேசும்போது குழந்தையைப் பார்த்துப் பேசினாள், இல்லையென்றால் அடுப்பைப் பார்த்து. ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வயிறு குலுங்கச் சிரிப்பது கேட்டது. அவர் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதை அவர் போய்ப் பார்த்தார்.

போஸ்டருக்கு நல்ல பேர். திரையரங்கில் கூட்டம் அள்ளுகிறது என்று விநியோகஸ்தர் அடுத்த படத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். "அதே கண்ணு வேணும் ஓவியரே" என்றார். பேய்க்காரர் ஒரு பங்களாவை மட்டும் வரைந்து கொடுத்தார். அது போதாது என்று விநியோகஸ்தர் அதைத் திருப்பி அனுப்பினார், இவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

வாலுவின் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துச் சொல்வதற்கு டாக்டர் வரச் சொல்லியிருந்த நாள் வந்தது. சளி கரைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் குழாய், மறுபடியும் அந்தக் கதவு. மூன்று பேரும் போனார்கள். அதே நடை, அதே சுவர். மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விரல்கள் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை கையைப் பிடித்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே முடிவு பண்ணியிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து கூப்பிட்டாள். மனைவி எழுந்தாள். அவரும் எழுந்தார்.

"நீங்க வெளிய இருங்க" என்றாள்.

"நானும் வரேன்மா. நான் உன்னைப் பாக்கல. சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கறேன்."

"வேணாம். நீங்க இருந்தா எனக்கு பயப்படக்கூட முடியாது."

குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை. டாக்டர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் பேய்க்காரர் செத்துப் பிழைத்தார். பிறகு டாக்டரின் குரல்: "ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு. இனிமே இங்க வர வேண்டாம்."

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரே ஒரு சத்தம். சிரிப்பா, அழுகையா, அவருக்குப் பிடிபடவில்லை. கதவு இடுக்கில் கண்ணை வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று உடம்பெல்லாம் தவித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். "ஒண்ணும் இல்லையாம்" என்று வாலுவின் தலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டோடு முன்னால் நடந்தாள். வாலு துள்ளிக்கொண்டு வந்தாள், ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. அவர் குழந்தைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து நாடாவைக் கட்டினார். முடிச்சுப் போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டாக்டர் சொன்னதும் அம்மா சிரிச்சாங்களா, அழுதாங்களாடா?"

வாலு நடையின் கோடியில் போய்க்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் அவர் காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க வரைஞ்சிடுவீங்களாம்."